மயக்கத்தில் இருப்பவருக்கும் நோகும்: எண்டோஸ்கொபி அறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

எண்டோஸ்கொபி அறைக்கு (வாய் வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ உள்ளே கமரா விட்டுப் பார்க்கும் அறை) மாற்றலாகி வரும் தாதியர் முதல் கிழமையில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் சாமான்களைப் பற்றியவை. ஸ்கோப்பை (கமரா பூட்டிய குழாயை) எப்படிக் கழுவுவது, பயொப்சிப் போத்தலில் என்ன எழுதுவது, எந்த ஃபோர்செப்ஸ் எதற்கு. இதெல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். வருசக்கணக்கில் எடுப்பது வேறொன்று. கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டு, வாய் திறந்து சொல்ல முடியாத ஒருவருக்கு இந்த நிமிடத்தில் நோகிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பதுதான் அது.

"ஊசி போட்டாச்சு அம்மா, இனி உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று நோயாளியைத் தேற்றுவோம். தேற்றுவதற்குச் சொல்வது சரி. அதை நாமே நம்பிவிடுவதுதான் பிழை.

ஊசி எதைச் செய்கிறது, எதைச் செய்யாது

நம்முடைய அறைகளில் அதிகம் கையில் எடுப்பது மிடசோலம். பயத்தைக் குறைக்கும், கண்ணைச் சொருக வைக்கும், நடந்ததை நினைவில் தங்கவிடாது. நோவைக் குறைக்காது. நோவைக் குறைப்பது கூடப் போகும் ஃபென்டனில் அல்லது பெதிடின். உணர்வழியியல் வைத்தியர் வந்து கொடுக்கும் புரோபொஃபோலும் தூங்க வைக்குமே தவிர, அதுவும் நோவு மருந்து அல்ல. இந்த ஒரு விசயம் மனதில் பதிந்தால் மீதி பாதி தானாக விளங்கும்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒரு வைத்தியசாலையில், வெள்ளவத்தையில் இருந்து வந்த ஓர் அம்மாவுக்குக் கொலனோஸ்கொபி, அதாவது பெருங்குடலுக்குள் கமரா விட்டுப் பார்ப்பது. கண் மூடியிருந்தது, சத்தமே இல்லை. திரையில் நாடித் துடிப்பு 62. நல்ல தூக்கம் என்று நினைத்து நான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். மூத்த தாதி மிஸ் ஒருவர் வந்து, ஒன்றும் பேசாமல் போர்வையின் கால்பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். பெருவிரல் உள்ளே மடங்கி, படுக்கை விரிப்பைக் கவ்விப் பிடித்திருந்தது. முடிந்து தெளிந்த பிறகு அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. "நல்லா நித்திரை கொண்டனான் மிஸ், ஆனா ஏன் தாடை இப்பிடி நோகுது?" என்று கேட்டார். இருபது நிமிடம் பல்லைக் கடித்திருக்கிறார். ஞாபகம் இல்லாதபடியால் முறைப்பாடும் இல்லை, அன்றைய பதிவில் "நோவு இல்லை" என்றுதான் என் கையெழுத்து இருந்தது.

நாடி ஏன் ஏறவில்லை? அவர் நாடியை ஏறவிடாத புரோப்ரனோலோல் குளிசை குடித்துக்கொண்டிருந்தார். அட்டையில் இருந்தது, நான் பார்க்கவில்லை.

1. கட்டிலில் ஏற்ற முன் கதையுங்கள்

நோவைக் கண்டுபிடிக்கும் வேலை ஊசிக்கு முன்னமே தொடங்குகிறது. ஐந்து நிமிடம் போதும், ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை வரிசையில் நிற்கும் கூட்டம் பறித்துவிடப் பார்க்கும். விடாதீர்கள்.

முதலில் அவருடைய சாதாரண முகத்தைப் பாருங்கள். சிலருக்கு நெற்றி எப்போதும் சுருங்கித்தான் இருக்கும். வழமை தெரியாமல் மாற்றம் தெரியாது. நாடி, பிரஷர், மூச்சு எண்ணிக்கை, ஒட்சிசன் அளவு, எல்லாவற்றிலும் ஊசிக்கு முந்திய கணக்கு ஒன்று எழுதியிருக்க வேண்டும்.

பிறகு கேள்விகள். முன்பு கமரா விட்டிருக்கிறார்களா, அப்போது எப்படி இருந்தது? வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்ததா? கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கும், மெலிந்த உடம்புக்காரப் பெண்களுக்கும் கொலனோஸ்கொபி கூடுதலாக நோகும். எடுத்த இடத்தில் குடல் ஒட்டிக்கொண்டு வளைவுகள் இறுகிவிடும். குறட்டை விடுபவரா? என்னென்ன குளிசை? புரோப்ரனோலோல், கார்வெடிலோல் எடுப்பவரென்றால் நாடி உங்களுக்குச் சாட்சி சொல்லாது. ஈரல் சுருங்கி, உணவுக்குழாய் நாளத்துக்கு பாண்ட் போட வருபவர்களில் நிறையப் பேர் இதைத்தான் எடுக்கிறார்கள். இரவில் தூக்கக் குளிசை, நாட்பட்ட நோவுக்கு ட்ரமடோல் எடுப்பவருக்கு வழமையான அளவு பிடிக்காமல் போகலாம். சாராயம் குடிப்பவருக்கும் அப்படியே. ஆனால் அந்தக் கேள்வியை மனைவிக்கு முன்னால் கேட்டால் பதில் "இல்லை" என்றுதான் வரும். ஆளைத் தனியாக எடுத்துக் கேளுங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்தில் இருந்து கொழும்புக்கு வருகிறவர்களில் இது கூட. பெதிடின் உடைந்து வரும் பொருள் வெளியேறாமல் தேங்கினால் வலிப்பு வரும். டொக்டரிடம் முதலே சொன்னால் வேறு மருந்து யோசிப்பார்.

வெறும் வயிறா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "காலையில தேத்தண்ணி குடிச்சீங்களா, பால் போட்டதா, பிளேன்டீயா?" என்று கேளுங்கள். பால் சேராத பிளேன்டீக்கு இரண்டு மணித்தியாலம் போதும். பால் தேத்தண்ணியும் ஒரு துண்டு பாணும் என்றால் ஆறு மணித்தியாலக் கணக்கு. நம் ஆட்களுக்குத் தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கில் வராது, அதனால்தான் இந்த விளக்கம்.

கடைசியாக ஓர் அடையாளம் பேசி வையுங்கள். "நோகுதெண்டா என்ர கையை இறுக்குங்கோ ஐயா." பாதி மயக்கத்தில் வார்த்தை வராது, கை வரும்.

மொழி

இலக்கம் போட்டு இதை ஒரு படியாக எண்ண மனம் வரவில்லை, ஆனால் கொழும்பில் இது இல்லாமல் வேலை நடக்காது. மயக்கத்தில் ஆள் தாய்மொழிக்குத் திரும்பிவிடுவார். கதவுக்கு வெளியே சரளமாகச் சிங்களம் பேசிய கொட்டாஞ்சேனை அண்ணர் ஊசிக்குப் பிறகு "நோகுது, நோகுது" என்று முணுமுணுப்பார். டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அது வெறும் முனகல்தான். யாழ்ப்பாணத்து ஆள் "நோகுது, உளையுது" என்பார். மலையகத்து அக்கா "வலிக்குது, புடிக்குது" என்பார். சிங்களம் பேசுபவர் "ரிதெனவா" என்பார். "அம்மா" என்றோ "உம்மா" என்றோ எல்லோரும் அழைப்பார்கள், அதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

தமிழ் மட்டும் தெரிந்த நாம் இரண்டு சொல்லாவது சிங்களத்தில் வாயில் வைத்திருக்க வேண்டும். "ரிதெனவத?" என்றால் நோகுதா. "ஹுஸ்ம கன்ன" என்றால் மூச்செடுங்கோ. சிங்களத் தோழிக்கு "நோகுதா", "மூச்செடுங்கோ" இரண்டையும் சொல்லிக் கொடுங்கள். பண்டமாற்றுத்தான். வெறும் பெயர் சொல்லி அழைப்பதைவிட, காதுக்குப் பக்கத்தில் சொந்த மொழியில் ஒரு "அம்மா, மூச்செடுங்கோ" சொன்னால் முகம் தளர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

2. கருவிகளைப் பொருத்துதல்

பிரஷர் பட்டியை ஒரு கையிலும் விரல் கிளிப்பை மறு கையிலும் போடுங்கள். ஒரே கையில் போட்டால், பட்டி ஊதும் ஒவ்வொரு தடவையும் ஒட்சிசன் அளவு விழுந்து அலாரம் அடிக்கும். பத்துத் தடவை பொய்க்கு அடித்த அலாரத்தைப் பதினோராவது தடவை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நகப்பூச்சும் கறுத்த மருதோன்றியும் கணக்கைக் குழப்பும்; வேறு விரலோ காதுமடலோ பாருங்கள்.

மூக்கில் ஒட்சிசன் போகும்போது கிளிப் காட்டும் இலக்கம் பிந்தித்தான் விழும். மூச்சு நின்று ஒரு நிமிடத்துக்குப் பிறகும் 97 காட்டலாம். வெளிவிடும் மூச்சில் உள்ள காபனீரொட்சைட்டை அளக்கும் கப்னோகிராஃப் இருந்தால் அது முன்கூட்டியே சொல்லும். இல்லாவிட்டால் உங்கள் கண்ணும் கையும்தான் கப்னோகிராஃப். நெஞ்சு எழும்புகிறதா என்று பாருங்கள், மூக்கருகே கையை வையுங்கள்.

3. மருந்தின் வரிசை

முதலில் நோவு மருந்து, அது பிடிக்கச் சில நிமிடம், அதன் பிறகு மிடசோலம் கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டும் சேர்ந்தால் ஒன்றும் ஒன்றும் இரண்டு அல்ல, மூன்று நான்கு. மூச்சை அமுக்குவதில் ஒன்றுக்கொன்று கை கொடுக்கும். அதனால்தான் இடைவெளி. ஊசி போட்டுவிட்டு முப்பது விநாடியில் "இன்னும் தூங்கேல்லை" என்று அடுத்ததைக் கேட்பவர் இருப்பார். மருந்து மூளைக்குப் போய் முழுதாகப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் வேண்டும், வயதானவருக்கு அதைவிடக் கூட.

பிரித்தானிய வழிகாட்டல்களில் நெடுநாளாக இருந்துவரும் கணக்கு இது: 70 வயதுக்குக் கீழே பொதுவாக மிடசோலம் 5 மில்லிகிராமுக்கோ, ஃபென்டனில் 100 மைக்ரோகிராமுக்கோ, பெதிடின் 50 மில்லிகிராமுக்கோ மேல் போகத் தேவை வராது. 70 தாண்டினால் பாதி. உங்கள் அறையின் நடைமுறையும் டொக்டரின் கட்டளையும்தான் கடைசிச் சொல், இந்தக் கணக்கு உங்களுக்கு ஓர் எச்சரிக்கை மணி மட்டும்.

அம்பியூலை வாசியுங்கள். மிடசோலம் 5 மில்லிலீற்றரில் 5 மில்லிகிராம் என்றும் வருகிறது, 3 மில்லிலீற்றரில் 15 மில்லிகிராம் என்றும் வருகிறது. முதலாவதில் ஒரு மில்லி என்றால் 1 மில்லிகிராம், இரண்டாவதில் அதே ஒரு மில்லி 5 மில்லிகிராம். இந்தக் குழப்பத்தால் ஆட்கள் பாதிக்கப்பட்டதால்தான் 2008இல் இங்கிலாந்தில் நோயாளர் பாதுகாப்பு நிறுவனம் இது பற்றி எச்சரிக்கை விட்டது. "ஒரு மில்லி" என்று வாயால் கட்டளை வந்தால், "1 மில்லிகிராமா சேர்?" என்று திருப்பிக் கேளுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

4. நெற்றியில் இருந்து கால் விரல் வரை

மேலே இருந்து கீழே ஒரே ஒழுங்கில் பார்த்துப் பழகுங்கள். புருவம் ஒன்றையொன்று நெருங்குகிறதா? கண் இறுகுகிறதா, ஓரத்தில் நீர் கட்டுகிறதா? தாடை? காஸ்ட்ரோஸ்கொபியில் (வாய் வழியாக இரைப்பைக்குள் பார்ப்பது) வாய்க்கட்டையைக் கடிக்கும் விதத்திலேயே தெரியும். மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறாரா, முனகலோடு விடுகிறாரா? கை கட்டில் கம்பியைத் தேடுகிறதா, வயிற்றுக்குப் போகிறதா? முழங்கால் மேலே மடங்குகிறதா? பிறகு போர்வையைத் தூக்கிக் கால் விரல். நான் சொன்ன கதைக்குப் பிறகு கால் விரலை மறக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நாடியும் பிரஷரும் கடைசியில். அவை ஏறினால் தேடச் சொல்லும் குறிப்பு, ஏறாவிட்டால் ஒன்றுக்கும் அத்தாட்சி அல்ல. இன்னொரு பொறியும் உண்டு: குடல் இழுபடும்போது நாடி ஏறாமல் விழவும் கூடும். முகம் வெளிறி, வியர்த்து, நாடி 45க்குப் போனால் "நல்லா ரிலாக்ஸ் ஆயிட்டார்" என்று நினைக்காதீர்கள். உடனே சொல்லி ஸ்கோப்பைப் பின்னால் எடுக்க வையுங்கள், நாடியை ஏற்றும் அற்றோப்பின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

புள்ளி போடும் முறைகள் பல உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் பேச முடியாதவர்களுக்குச் சிபிஓடி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: முகம், உடல் அசைவு, தசை இறுக்கம், சத்தம் அல்லது இயந்திர மூச்சோடு ஒத்துப்போதல் என நான்குக்கும் 0 முதல் 2 வரை. கொலனோஸ்கொபிக்கு குளொஸ்டர் முறை எளிது. 1 என்றால் அசௌகரியமே இல்லை, 2 என்றால் ஓரிரு தடவை சிறிது, 3 என்றால் இரண்டுக்கு மேல், 4 என்றால் பல தடவை குறிப்பிடத்தக்க அளவு, 5 என்றால் அடிக்கடி, கடுமையாக. எதை எடுத்தாலும் எல்லோரும் ஒன்றையே எடுங்கள். புள்ளியைவிட, எந்தக் கட்டத்தில் அந்தப் புள்ளி வந்தது என்று எழுதுவது பெறுமதி.

கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்று இடையிடையே பாருங்கள். பெயர் சொல்லி, தோளில் மெதுவாகத் தட்டினால் சொன்னதைச் செய்ய வேண்டும்; நாம் வைத்திருக்க நினைக்கும் மயக்கம் அவ்வளவுதான். குத்தினால் மட்டும் கை பின்வாங்குகிறது என்றால் அது பதில் அல்ல, வெறும் அனிச்சை. ஆள் நாம் நினைத்ததைவிட ஆழத்தில் இருக்கிறார்.

5. அசைந்தால் முதலில் மூச்சு

புதியவர்களும் பழையவர்களும் விழும் குழி இது. நோயாளி துள்ளுகிறார், கையை உதறுகிறார். அறையில் யாரோ "இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்பார்கள். போடாதீர்கள், பாருங்கள். ஒட்சிசன் குறைந்தாலும் மனிதர் இப்படித்தான் துள்ளுவார். ஒரு தடவை நான் சிரிஞ்சை கனியூலாவில் பொருத்திய பிறகுதான் கவனித்தேன்: கட்டில் சக்கரம் ஒட்சிசன் குழாயை மிதித்து நிற்கிறது. அந்த ஊசி போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் நினைத்தால் கை குளிரும்.

மூச்சு சரி, ஒட்சிசன் அளவு சரி என்றால் அடுத்தது நோவு. அதுவும் இல்லையென்றால் சலப்பை நிரம்பியிருக்கிறதா, குளிர்கிறதா, பயமா என்று பாருங்கள். சிலருக்கு மிடசோலமே தலைகீழாக வேலை செய்து குழப்பத்தையும் ஆவேசத்தையும் தரும், அவருக்கு மேலும் மிடசோலம் கொடுப்பது நெருப்பில் நெய்.

6. நோவு என்று தெரிந்த பிறகு

குடலின் உட்சுவரில் இருந்து ஒரு துணுக்கைக் கிள்ளினால் நோகாது. இழுத்தால் நோகும், ஊதினால் நோகும். ஆகவே இழுவையையும் காற்றையும் குறைப்பதுதான் முதல் மருந்து, சிரிஞ்ச் அதற்குப் பிறகு.

சத்தமாகச் சொல்லுங்கள்: "சேர், நோகுது. ஒரு நிமிசம்." பெரிய டொக்டரை நிறுத்தச் சொல்ல நாக்கு எழாது, எனக்கும் எழவில்லை. கண்டதை மட்டும் சொன்னால் சுலபம்: "சேர், முகம் சுருங்குது, மூச்சைப் பிடிக்கிறார்." இதைக் கேட்ட பிறகும் தள்ளிக்கொண்டு போகும் டொக்டரை நான் அதிகம் கண்டதில்லை. அவர் கண் திரையில், நம் கண் முகத்தில். அவருக்குத் தெரியாததை நாம்தான் சொல்ல வேண்டும்.

தள்ளுவதை நிறுத்தி, பின்னால் இழுத்து, வளையத்தை நேராக்குவது அவர் வேலை. பெரும்பாலும் பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள சிக்மொயிட் வளைவில்தான் ஸ்கோப் சுருண்டு குடலைத் தூக்கும். அடுத்து உள்ளே போன காற்றை உறிஞ்சி எடுக்கலாம். காபனீரொட்சைட்டு வசதி உள்ள அறையென்றால் நல்லது, அது காற்றைவிட விரைவாக உடம்பில் கரைந்துவிடும். காற்றுக்குப் பதில் தண்ணீர் விட்டுப் போகும் முறையும் உண்டு. நம் பங்கு, ஆளைத் திருப்புவதும் வயிற்றை அமுக்குவதும். இடப்பக்கம் சரிந்து கிடப்பவரை மல்லாக்கப் படுத்தியதுமே பாதி நோவு போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அமுக்கும்போது விரல் நுனியால் குத்தாதீர்கள். உள்ளங்கையை விரித்து, தொப்புளுக்குக் கீழே, டொக்டர் சொல்லும் திசையில் மெதுவாக. அமுக்குவதாலேயே முகம் சுருங்கினால் கையை எடுங்கள்.

இவ்வளவும் செய்தும் நோகிறதென்றால் மருந்து. நோவுக்கு நோவு மருந்து. மிடசோலத்தைக் கூட்டினால் நோவு போகாது, அதைச் சொல்லும் வாய் மட்டும் போகும். அதுவும் பிடிக்காவிட்டால் நிறுத்திவிட்டு, உணர்வழியியல் வைத்தியரோடு இன்னொரு நாள் செய்யலாம். அது தோல்வி அல்ல.

மற்றப் பரிசோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காஸ்ட்ரோஸ்கொபியில் பிரச்சினை நோவைவிட ஓங்காளம். தொண்டையை மரக்கச் செய்யும் லிக்னோகெயின் ஸ்ப்ரே, நிதானமான மூச்சு, எச்சிலை விழுங்காமல் வெளியே வழியவிடச் சொல்வது போதும். இஆர்சிபியில் (பித்தக்குழாயையும் கணையக்குழாயையும் பார்க்கும் பரிசோதனை) ஆள் குப்புறக் கிடப்பார், முகம் தெரியாது. அங்கே கையும் காலும் மூச்சும்தான் வழி. உணவுக்குழாயை பலூனால் விரிக்கும்போது வரும் கடும் நோவு, கிழிந்துவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டிய நோவு. அங்கே மருந்தால் அதை மூடிவிடக் கூடாது.

7. தெளிந்த பிறகு

வயிறு ஊதி, பிசைந்து பிசைந்து நோகிறது, காற்றுப் பிரிந்ததும் குறைகிறது என்றால் வாயு. வெட்கப்படாமல் விடச் சொல்லுங்கள். அன்ரிமாருக்குத்தான் இதைச் சொல்லிப் புரிய வைக்க நேரம் எடுக்கும். திரையை இழுத்துவிட்டு இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தால் காரியம் நடக்கும். ஆனால் நோவு கூடிக்கொண்டே போனால், வயிறு பலகை போல இறுகினால், தோளுக்கு நோவு ஏறினால், கழுத்துத் தோலை அமுக்க நறுநறுத்தால், காய்ச்சல் வந்தால், நோவு ஊசிக்கு முன் டொக்டர் வயிற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டும். இஆர்சிபிக்குப் பிறகு மேல்வயிற்றில் இருந்து முதுகுக்குப் போகும் நோவு கணைய அழற்சியாக இருக்கலாம்.

நோவு மருந்தை முறிக்கும் நலோக்சோன், மிடசோலத்தை முறிக்கும் ஃப்ளூமசெனில் கொடுக்க நேர்ந்தால் ஒன்று நினைவில் இருக்கட்டும். நலோக்சோன் மூச்சைத் திருப்பித் தரும்போது நோவையும் சேர்த்தே திருப்பித் தரும். இரண்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும், முதல் மருந்து இன்னும் உள்ளே இருக்கும். ஆள் எழும்பிக் கதைக்கிறார் என்று அனுப்பிவிடாமல் இரண்டு மணித்தியாலமாவது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாட்கணக்கில் தூக்கக் குளிசை எடுப்பவருக்கு ஃப்ளூமசெனிலால் வலிப்பும் வரலாம்.

வீட்டுக்கு விடும்போது அறிவுரையை நோயாளியிடம் மட்டும் சொன்னால் வீண். தலையை ஆட்டுவார், பின்னேரத்தில் ஒன்றும் ஞாபகம் இருக்காது. கூட வந்தவரிடம் அவருடைய மொழியில் சொல்லி, எழுதியும் கொடுங்கள். 24 மணித்தியாலத்துக்கு ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ ஓட்டக் கூடாது. தனியாக 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏற்றிவிடவும் கூடாது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர் அன்றிரவே பஸ் ஏறப் போகிறாரா என்று கேளுங்கள். நிறையப் பேர் அப்படித்தான் திட்டம் போட்டு வருவார்கள். ஓரிரவு உறவினர் வீட்டில் தங்கச் சொல்லுங்கள்.

பதிவு எழுதும்போது "நோயாளி ஒத்துழைத்தார்" என்று எழுதாதீர்கள், அதில் அடுத்தவருக்கு ஒரு தகவலும் இல்லை. அந்த வெள்ளவத்தை அம்மா இரண்டு வருசம் கழித்துத் திரும்பி வந்தபோது அட்டையில் என் எழுத்தில் இருந்தது "நோவு இல்லை" மட்டும்தான். அதை அப்படியே வைத்து, பக்கத்தில் அன்றைக்குப் புதிதாக எழுதினேன்: "சிக்மொயிட் வளைவில் நோவு 4. மல்லாக்கப் படுத்தியதும் 2. புரோப்ரனோலோல் எடுக்கிறார், நாடியை நம்ப வேண்டாம். கால் விரலைப் பார்க்கவும்."